கல்லுக்கு ஆடையா, களைத்தவருக்குத் தலையணையா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தால் ஆரம்பிக்கின்றேன். புகழனைத்தும் அவனுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வானொலியினூடாக உங்கள் செவிகளை வந்தடைந்த இவ்வுரை, இப்போது எழுத்துருவில் உங்கள் கரங்களுக்கு வந்திருக்கின்றது. இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம் வீட்டலங்காரம். தொழுகை, நோன்பு, ஸகாத் பற்றிப் பேச வேண்டிய ஒரு மௌலவி, திரைச்சீலையையும் பூச்சாடியையும் பற்றி ஏன் பேச வேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். அவர்களது ஐயம் நியாயமானதே. ஆயினும் அல்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆவது வசனத்தை ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது, நமது வீடுகளை நாம் அமைதி பெறும் தலமாக ஆக்கியிருப்பதை அங்கே நினைவூட்டுகின்றான். அத்துடன் நின்றுவிடாமல், கால்நடைகளின் கம்பளியிலிருந்தும் உரோமங்களிலிருந்தும் நமக்குக் கிடைக்கும் வீட்டுத் தளபாடங்களையும் அதே வசனத்தில் அருட்கொடையாகக் குறிப்பிடுகின்றான். ஆகவே விரிப்பும் தலையணையும் மார்க்கத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. அவற்றைப் பற்றியும் நாளை நாம் வினவப்படுவோம்.

இவ்விடயத்தில் முதற் பிழை செய்தவன் நானே. எனவே எனது கதையிலிருந்தே தொடங்குகின்றேன்.

பலகைச் சுவரும் பழைய நாட்காட்டியும்

நான் பிறந்து வளர்ந்த இடம் றொசல்ல. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை நோக்கி மலையேறும் புகையிரதம் வட்டவளையைக் கடந்து, ஹட்டனை அடையுமுன் காணும் சிறிய நிலையம் அது. தென்மேல் பருவமழை மே மாதத்தில் இறங்கினால் செப்டெம்பர் வரை எங்கள் ஊரில் துணி காய்வதில்லை, சுவரும் காய்வதில்லை. மழை ஓய்ந்தால் பனிமூட்டம் வரும். பனிமூட்டம் விலகினால் மீண்டும் மழை வரும்.

எனது வாப்பா தோட்டத்துப் பாதையோரத்தில் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். கடையின் பின்புறமிருந்த இரண்டு அறைகளே எமது வீடு. பின்னறையின் சுவர் பலகையாலானது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அவ்விடைவெளிகளின் மீது உம்மா பழைய பத்திரிகைத் தாள்களைக் கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தார். அத்தாள்களின் மேல், ஆண்டு முடிந்த நாட்காட்டிகளின் படங்களை ஒழுங்காக அடுக்கி ஒட்டியிருந்தார். ஓர் அருவி, ஒரு ரோஜாத் தோட்டம், புனித கஃபாவின் தோற்றம், சோடிக் கிளிகள், சிரிக்கும் ஒரு குழந்தை. மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அச்சுவரைப் பார்த்துக்கொண்டே நாங்கள் உறங்கிப் போவோம்.

பின்னர் நான் அரபுக் கல்லூரியில் சேர்ந்தேன். மூன்றாம் வருட மாணவனாக இருந்தபோது ஒரு விடுமுறையில் வீடு வந்தேன். சக மாணவர் ஒருவர் இரண்டு நாட்களின் பின் எமது வீட்டுக்கு விருந்தினராக வருவதாக இருந்தது. உயிருள்ளவற்றின் உருவங்கள் பற்றிய பாடத்தை நான் அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கிளியும் குழந்தையும் கண்ணில் பட்டன. அவை இரண்டையும் மாத்திரம் நான் நீக்கியிருக்கலாம். ஆனால் முழுச் சுவரையும் கிழித்தெறிந்தேன். அன்று என்னை இயக்கியது மார்க்கம் பாதி, வெட்கம் பாதி. பத்திரிகைத் தாள் ஒட்டிய சுவரைக் கொழும்பு நண்பர் காண்பதற்கு நான் கூசினேன் என்பதே உண்மை.

உம்மா தடுக்கவில்லை. கீழே விழுந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டே, "கிழிக்கிறது லேசு மகன். காத்து வருமே, அதுக்கு என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் கூறவில்லை. என்னிடம் பதில் இருக்கவுமில்லை.

அன்றிரவு மழையும் காற்றும் வலுத்தன. என் தங்கைக்குச் சிறு வயது முதலே இழுப்பு நோய் உண்டு. நள்ளிரவில் அவளது மூச்சு இழுக்கத் தொடங்கியது. உம்மா தனது கம்பளிப் போர்வையைக் கழற்றிப் பலகையில் ஆணியால் அறைந்தார். பின் அதன் மீது முதுகைச் சாய்த்து, தங்கையை மடியில் கிடத்தியபடி சுபஹு வரை அமர்ந்திருந்தார். இரண்டு நாட்களின் பின் வந்த நண்பரை வரவேற்றவை, பசை பெயர்ந்த தழும்புகளும் ஊதற்காற்றுமே.

திரைச்சீலை எங்கே போனது?

விடுமுறை முடிந்து கல்லூரி திரும்பினேன். அந்தத் தவணையில் எமது உஸ்தாத் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திரைச்சீலை பற்றிய ஹதீஸைக் கற்பித்தார். புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ள பிரபலமான செய்தி அது. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றிலிருந்து திரும்பி வருகின்றார்கள். உருவங்கள் பொறிக்கப்பட்ட ஒரு திரைச்சீலையை அன்னையவர்கள் வீட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கண்ட நபியவர்களின் முகம் மாறியது, அதை அகற்றினார்கள். முஸ்லிம் கிரந்தத்தின் மற்றோர் அறிவிப்பில், கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு அல்லாஹ் நம்மைப் பணிக்கவில்லை என்ற கருத்தையும் அவர்கள் கூறியதாக வருகின்றது.

உஸ்தாத் அவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி எங்களைப் பார்த்து, "அத்துடன் செய்தி முடிந்துவிட்டதா? அந்தச் சீலை எங்கே போனது?" என வினவினார்கள். வகுப்பில் எவரும் வாய் திறக்கவில்லை. அவர்களே தொடர்ந்து வாசித்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அச்சீலையை வெட்டி இரண்டு தலையணைகள் செய்தார்கள். அவற்றினுள் ஈச்ச நார் திணித்தார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை.

எனக்கு உம்மாவின் கம்பளிப் போர்வை நினைவுக்கு வந்தது. ஹதீஸின் முதற் பாதியை மட்டும் சுமந்துகொண்டு நான் வீட்டுக்குப் போயிருந்தேன். கிழிக்கக் கற்றிருந்தேன், தைக்கக் கற்றிருக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் நானும் வாப்பாவும் பலகை இடைவெளிகளின் மீது மெல்லிய சட்டங்களை அறைந்து, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். உம்மா தனது இரண்டு பழைய சேலைகளை எடுத்து, இலவம் பஞ்சு அடைத்து இரண்டு தலையணைகள் தைத்தார். அவற்றில் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தார். மற்றையதைக் கடை வாங்கில் வைத்தார். கொழுந்து பறித்துவிட்டு மழையில் நனைந்து வரும் தோட்டத்து அக்காமார் சாமான் வாங்கும் வரை அதில் சாய்ந்து இளைப்பாறுவார்கள். இன்று உம்மாவுக்கு வயதாகிவிட்டது. தலையணையின் உறை பல முறை மாறிவிட்டது. ஆயினும் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்.

அன்பின் சகோதரர்களே! நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே. சுவரில் தொங்கியபோது அந்தச் சீலை பார்ப்போரின் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்தது. தலையணையானபோது களைத்தவரின் முதுகுக்கு உரியதாக மாறியது. வீட்டிலுள்ள ஒரு பொருள் மனிதருக்கு இளைப்பாறுதல் தருமாயின் அது அருட்கொடையாகும். மனிதருக்கு எதுவும் தராமல் வீட்டுக்காரரின் பெருமையை மட்டும் அது பேசுமாயின், கல்லுக்கு உடுத்திய ஆடையாகும்.

அழகு தடுக்கப்பட்டதா?

இதனைக் கேட்டுவிட்டு, வீட்டை வெறுமையாக வைத்திருப்பதே தக்வா என எவரும் விளங்கிவிடக் கூடாது. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகைத் தடை செய்தவர் யார் என்ற கேள்வியை அல்அஃராப் அத்தியாயத்தின் 32ஆவது வசனம் எழுப்புகின்றது. அதற்கு முந்திய வசனமோ வீண்விரயத்தைத் தடுக்கின்றது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புபவன் என்ற பொருளில் வரும் நபிமொழியை நாமனைவரும் அறிவோம். அந்நபிமொழி பெருமையைக் கண்டிக்கும் இடத்திலேயே சொல்லப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

புகாரியில் பதிவாகியுள்ள இன்னுமொரு சம்பவத்தையும் கவனியுங்கள். நபியவர்கள் தமது மகள் பாத்திமா (ரலி) அவர்களின் வாசல் வரை வந்து, அங்கே வேலைப்பாடுள்ள திரையொன்றைக் கண்டு உள்ளே நுழையாமலேயே திரும்பிச் சென்றார்கள். காரணம் வினவப்பட்டபோது, அத்திரையைத் தேவையுடைய ஒரு குடும்பத்துக்கு அனுப்பிவிடுமாறு கூறினார்கள். ஒரு திரை தலையணையாகியது. மற்றொரு திரை வறியவரின் வீட்டுக்குப் போனது. இரண்டும் மனிதரின் தேவைக்கே சென்று சேர்ந்தன.

முஸ்லிம்கள் வாழ்ந்த பெருநகரங்களிலும் இவ்வுணர்வைக் காணலாம். மொரோக்கோவின் பாஸ் நகரின் பழைய வீடுகளைத் தெருவிலிருந்து பார்த்தால் உயர்ந்த, வெறுமையான சுவர்களே தெரியும். உள்ளே நுழைந்தால் முற்றமும், வண்ண ஓடுகளும், மரச் செதுக்கல்களும் இருக்கும். அவ்வழகு தெருவில் போவோருக்குக் காட்டப்பட்டதன்று. உள்ளே வாழ்வோருக்கும் அழைக்கப்பட்டு வருவோருக்கும் உரியது.

சிறிய வீடு வெட்கத்துக்குரியதா?

இளைஞர்களே! இப்போது உங்களுடன் பேசுகின்றேன். மலையகத்து லயன் அறை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நாம் சொல்லி வளர்ந்தோம். 120 சதுர அடிக்குள் சமையலும் படிப்பும் உறக்கமும் நடந்தன. வெளியே இஸ்தோப்பு, அப்பால் வாய்க்கால், தூரத்தில் பீலி. இன்றும் எத்தனையோ குடும்பங்கள் அவ்வாறே வாழ்கின்றன. கொழும்பிலே கடைகளில் வேலை செய்துவிட்டுப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் தம்பிமார் சிலர், நண்பர்களைச் சந்தியிலேயே சந்தித்து அனுப்பிவிடுகின்றனர். வீட்டுக்கு அழைப்பதில்லை. காரணம் கேட்டால், "வீடு சரியில்லை மௌலவி" என்கின்றனர். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். நானும் அவ்வெட்கத்துடனேயே ஒரு சுவரைக் கிழித்தவன்.

ஆனால் அவர்களிடம் ஒன்றைக் கூற விரும்புகின்றேன். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிறுவராக இருந்த இமாம் ஹஸன் பஸரீ அவர்கள், நபியவர்களின் மனைவியரின் வீடுகளுக்குள் சென்றபோது தம் கையால் முகட்டைத் தொட முடிந்ததாகக் கூறியுள்ளார்கள். இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரத் நூலில் இச்செய்தி உள்ளது. அந்த அளவு தாழ்ந்த கூரை! உலகத்தின் மிகச் சிறந்த மனிதர் அங்கேயே வாழ்ந்தார். பின்னர் கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் காலத்தில், மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்குவதற்காக அவ்வறைகள் அகற்றப்பட்டபோது மதீனத்து மக்கள் அழுதார்கள். அவை அவ்வாறே விடப்பட்டிருந்தால், செல்வத்தைக் கொண்டு பெருமை பேசுவோர் பார்த்துப் படிப்பினை பெற்றிருப்பார்கள் என ஸஈத் இப்னு முஸய்யிப் அவர்கள் வருந்தியதாக வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் எழுதியுள்ளார்.

எனவே தம்பி, உமது வீட்டின் அளவு உமது குற்றமன்று. இவ்வாறு கூறுவதால், லயன் அறைகளே போதும் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரமான வீடு அம்மக்களின் உரிமை. அதற்காகக் குரல் கொடுப்பதும் கடமையே. ஆயினும் அந்த வீடு கிடைக்கும் வரை, இருக்கும் வீட்டின் வாசலை விருந்தினருக்கு அடைத்துவைக்க வேண்டியதில்லை.

மூன்று கேள்விகள்

வீட்டுக்கென ஒரு பொருளை வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது கேள்வி: இப்பொருள் எனது வீட்டாருக்கு எந்த ஆறுதலைத் தருகின்றது? குளிரையோ ஈரத்தையோ இருளையோ அது நீக்குமா? வேலை முடிந்து வரும் தாய் அதில் அமரலாமா? பிள்ளை அதனருகே படிக்கலாமா? அமரக்கூடாத சோபாவும், பிள்ளைகள் தொடக்கூடாத கண்ணாடி அலுமாரியும் இருக்கும் வீட்டில், வீட்டார் காவற்காரர்களாகிவிடுகின்றனர்.

இரண்டாவது கேள்வி: விருந்தினருக்கு இதில் பங்குண்டா? கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தினருக்கு, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் முஸ்லிம் கிரந்தத்தில் ஒரு நபிமொழி உண்டு. தேவையுள்ள விரிப்புகளை எண்ணும்போதே விருந்தினரின் விரிப்பு கணக்கில் சேர்க்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். நமது விருந்தினர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். லயனில் ஒரே சுவரைப் பங்குபோடும் இந்து, கிறிஸ்தவ அயலவர்களும் நமது விருந்தினரே. அவர்கள் தயக்கமின்றி அமரக்கூடிய ஓர் இடம் நமது வீட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: இதற்கான பணம் எங்கிருந்து வருகின்றது? இக்கேள்வியில்தான் நம்மில் பலர் தவறிவிடுகின்றோம். தோட்டப் பகுதிகளில் இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. 2017 மே மாதம் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. 120 சதுர அடியில் வாழ்ந்த குடும்பத்துக்கு அது பெரும் மாற்றம். ஆனால் புது வீட்டுக்குள் நுழைந்ததும், வெறும் சுவரைக் கண்டு மனம் பதறி, வட்டியோடு கூடிய தவணையில் தளபாடம் வாங்கும் பழக்கமும் கூடவே நுழைந்துவிடுகின்றது. தவணை தவறினால் வட்டி ஏறுகின்றது. வட்டியைக் கட்ட நுண்கடன். அந்தக் கடனைக் கட்ட வேறொரு கடன். பணம் அறவிட வருபவரைக் கண்டு வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டால், அவ்வலங்காரம் யாரை வரவேற்கப் போகின்றது?

பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைக்கும் பெற்றோரும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர். பாத்திமா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கொடுத்தனுப்பிய சீர், ஒரு துணி, ஒரு தண்ணீர்த் தோற்பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தலையணை என்றே நஸாஈயில் வருகின்றது. அங்கும் ஒரு தலையணை இருக்கின்றது.

குளிர் நாட்டு வீட்டுக்குச் சில யோசனைகள்

தாய்மார்களே! சகோதரிகளே! அதிகச் செலவின்றி வீட்டை இதமாக்கும் சில வழிகளைக் கூறுகின்றேன். எங்கள் வீட்டிலும் அயல் வீடுகளிலும் கண்டறிந்தவை இவை.

வெளிச்சமே முதல் அலங்காரம். அடுப்புப் புகை படிந்த சுவர் இருக்கும் ஒளியையும் விழுங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை, மழை குறைந்த மாதங்களில் சுண்ணாம்பு அடியுங்கள். வெண்மை ஒளியைத் திருப்பித் தரும். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தையும் கட்டுப்படுத்தும். இப்போது சந்தையில் கிடைக்கும் ஒட்டுத்தாள்களை ஈரச் சுவரில் ஒட்டாதீர்கள். ஈரம் அதன் பின்னால் அடைபட்டுக் கரும்பூஞ்சணம் வளரும். இழுப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கு அது பெரும் கேடாகும். வெயில் தலைகாட்டும் நேரத்தில் யன்னலைத் திறந்துவையுங்கள்.

தரைக்குத் தடித்த கம்பளத்தை விடப் பாயே சிறந்தது. ஈரச் சீமெந்தின் மேல் நிரந்தரமாகக் கிடக்கும் கம்பளம் நாற்றமெடுக்கும். பாயை வெயிலில் உலர்த்தலாம்; விருந்தினர் வந்தால் விரிக்கலாம்; சென்றதும் சுருட்டலாம். நமது நாட்டிலேயே அழகான பாய்கள் நெய்யப்படுகின்றன. கண்டிப் பிரதேசத்துத் தும்பறைப் பாய் நெசவுக்கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. கிழக்கே மருதமுனையில் நமது சகோதரர்கள் கைத்தறித் துணி நெய்கின்றனர். பிளாஸ்டிக் விரிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி ஒரு நெசவாளியின் அடுப்பை எரிக்கட்டுமே.

நிறங்களில் குளிர் நாட்டுக்கு மஞ்சளும் செம்மண் நிறமும் இதம் தரும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய சேலையிலிருந்து தலையணை உறையும் யன்னல் திரையும் தைக்கலாம். திரைச்சீலை அடுப்பிலிருந்து விலகியிருக்கட்டும். பெருநாள் காலத்தில் மின்குமிழ்ச் சரங்களைத் தொங்கவிட்டு, ஒரே செருகியில் நான்கு வயர்களைச் சேர்க்காதீர்கள். லயனில் ஓர் அறையில் மின்னொழுக்கினால் பற்றும் தீ, ஒரே கூரையின் கீழுள்ள அத்தனை குடும்பங்களையும் தெருவில் நிறுத்திவிடும். அயலவருக்கு ஆபத்தாகும் அழகு நமக்கு வேண்டாம்.

வாசலில் உயிருள்ள பூக்களை வையுங்கள். டேலியாவும் ஜெரேனியமும் ஹைட்ரேஞ்சியாவும் நமது காலநிலைக்கு நன்றாகச் செழிக்கும். பழைய பால்மா டின்னில் துளையிட்டு மண் நிரப்பினால் அதுவே சாடியாகும். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், நுளம்பு பெருகும். காகிதப் பூவில் தூசு சேரும். உயிருள்ள பூவுக்குப் பிள்ளை தினமும் நீரூற்ற வேண்டியிருக்கும். அவ்வழக்கம் பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்பிக்கும்.

வீட்டில் ஒரு மூலையைத் தொழுகைக்கென ஒதுக்குங்கள். இத்பான் இப்னு மாலிக் (ரலி) என்ற பார்வை குன்றிய தோழர், மழை பெய்து பள்ளத்தாக்கில் வெள்ளம் ஓடும்போது தம்மால் பள்ளிவாசலுக்குச் செல்ல முடியவில்லை என நபியவர்களிடம் முறையிட்டார். தமது வீட்டுக்கு வந்து ஓரிடத்தில் தொழுதால், அவ்விடத்தையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகக் கூறினார். நபியவர்கள் வந்து, எந்த இடம் என்று கேட்டு, அங்கே தொழுதார்கள். மழை நாட்டு மக்களாகிய நமக்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா? ஒரு முஸல்லா விரிக்கும் இடம், அதன் மேல் குர்ஆனுக்கும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கும் ஒரு பலகைத் தட்டு. இவையே போதும்.

சுவரில் வசனங்களை மாட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. பொன்னெழுத்தில் ஆயத்துல் குர்ஸி சுவரில் இருந்து, அதனை ஓதத் தெரிந்த நாவு வீட்டில் இல்லையெனில், அந்தச் சட்டகமும் கல்லுக்கு உடுத்திய ஆடையாகவே முடியும். உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் உயர்த்தி மாட்டுவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அகற்றுபவர் இளைஞராயின், முதலில் தாயிடம் அமர்ந்து பேசுங்கள். அகற்றிய இடத்தில் எதை வைப்பீர் என்பதையும் யோசித்துக்கொண்டு போங்கள்.

வாசலில் தொடங்கும் இதம்

இறுதியாக, எந்தக் கடையிலும் விற்கப்படாத அலங்காரம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் கூறுமாறு அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கின்றது. ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழும் வீட்டில் எந்த விளக்கும் ஒளி தராது. கைத்தொலைபேசியில் வேறொருவரின் வரவேற்பறையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பிள்ளையே! உமது வாப்பா மழையில் நனைந்து வரும்போது எழுந்து சென்று ஸலாம் கூறி, உலர்ந்த துவாயொன்றை நீட்டும். ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடும். அந்நேரத்தில் உமது வீட்டைப் போன்று அழகிய வீடு வேறெங்கும் இராது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை நண்பனை வீட்டுக்கு அழைத்து வரட்டும். கதிரை இல்லையே எனக் கவலைப்படாதீர்கள்; பாயை விரியுங்கள். இளைஞர்களே! அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் தாயின் சுவரைக் குறை காணும் கண்ணோடு போகாதீர்கள். எந்த இடைவெளியால் காற்று வருகின்றது எனப் பார்க்கும் கண்ணோடு போங்கள். கையில் ஒரு சுத்தியலும் சில ஆணிகளும் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை அமைதியின் தலங்களாக ஆக்குவாயாக! வீடற்றோருக்கு வீட்டையும், வீடுள்ளோருக்கு விருந்தினரை வரவேற்கும் உள்ளத்தையும் தருவாயாக! வட்டியிலிருந்தும் வீண்விரயத்திலிருந்தும் பெருமையிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்களுக்காகக் குளிரில் விழித்திருந்த தாய்மாருக்கு உனது அருளைப் போர்வையாக அணிவிப்பாயாக! ஆமீன்.